வெஸ்லே: நானூறு பேர் வாழும் ஊர், நூற்றிருபது மீட்டர் நீளத் தேவாலயம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பாரிஸில் சொந்தக்காரர் வீட்டுக்கு வருகிறவர்கள் ஈஃபிள் கோபுரம், லூவ்ர், வெர்சாய் எல்லாம் பார்த்து முடித்த பிறகு, "ஒரு கிராமத்துக்குப் போய் வரலாமா?" என்று கேட்பார்கள். நான் சொல்கிற பெயர் எப்போதும் வெஸ்லேதான். சொன்னதும் கேள்விகள் வரிசை கட்டும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

வெஸ்லே எங்கே இருக்கிறது?

பாரிஸுக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 220 கிலோமீட்டர். பர்கண்டிப் பகுதியில் யோன் என்ற மாவட்டம், மோர்வான் காட்டு மலைகள் தொடங்கும் விளிம்பு. சுற்றிலும் கோதுமை வயல், மாட்டுத் தொழுவம், கொஞ்சம் திராட்சைத் தோட்டம். நடுவில் ஒரு குன்று. குன்றின் முதுகில் ஒரே ஒரு பெரிய தெரு ஏறுகிறது, உச்சியில் தேவாலயம் நிற்கிறது. ஊர் அவ்வளவுதான். மக்கள்தொகை நானூற்றுச் சொச்சம். நம் ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தில் இதைவிட அதிகம் பேர் சாப்பிடுவார்கள்.

'கொம்யூன்' என்கிறார்களே, அது என்ன?

நம் ஊராட்சி மாதிரி, பிரான்சின் உள்ளாட்சி அமைப்பில் கடைசிப் படி அது. ஆனால் ஊர் பெரிதானாலும் சிறிதானாலும் பெயர் மாறாது. பாரிஸும் ஒரு கொம்யூன், வெஸ்லேயும் ஒரு கொம்யூன். நாடு முழுக்க சுமார் 35,000 இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மேயர் உண்டு, மன்றம் உண்டு, அலுவலகம் உண்டு. நானூறு பேருக்கு ஒரு மேயரா என்று சிரிக்க வேண்டாம். அந்த மேயரின் தலையில் விழும் சுமை என்ன என்பதை அடுத்த பதிலில் பாருங்கள்.

இவ்வளவு பெரிய தேவாலயம் யாருடையது? திருச்சபையுடையதுதானே?

இல்லை, ஊருடையது. அரசும் மதமும் தனித்தனி என்று 1905இல் பிரான்ஸ் சட்டம் போட்டது. அதன் விளைவாக, அதற்கு முன் கட்டப்பட்ட ஊர்த் தேவாலயங்கள் அந்தந்தக் கொம்யூனின் சொத்தாக இருக்கின்றன. ஆயர் அமரும் கதீட்ரல்கள் மட்டும் அரசுடைமை. கத்தோலிக்கர்கள் அங்கே வழிபடலாம், வாடகை கிடையாது. ஆனால் கூரை ஒழுகினால் அது கொம்யூனின் கவலை.

வெஸ்லேயின் மகதலா மரியாள் பேராலயம் 120 மீட்டர் நீளம். நடு மண்டபம் மட்டுமே 60 மீட்டருக்கு மேல். சொந்தக்காரர்கள் அந்த நானூறு பேர்! பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னம் என்பதால் பழுதுபார்ப்புச் செலவில் அரசும் பங்கு போடுகிறது. அது இல்லாவிட்டால் ஒரு வருஷ ஓடு மாற்றும் செலவிலேயே ஊர் திவாலாகிவிடும். எனக்கு வெஸ்லேயில் பிடித்த விஷயமே இந்தப் பொருத்தமின்மைதான்.

அப்படிப்பட்ட கட்டடம் இந்தக் குன்றில் ஏன் வந்தது?

எலும்புகளால் வந்தது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

9ஆம் நூற்றாண்டில் ஜிரார் என்ற பிரபுவும் அவர் மனைவி பெர்த்தாவும் குன்றின் அடிவாரத்தில், கியூர் ஆற்றங்கரையில், ஒரு கன்னியர் மடம் கட்டினார்கள். வடக்கிலிருந்து நார்மன் கொள்ளையர் வந்து சூறையாடினார்கள். அதன் பிறகு, துறவிகள் வாழும் மடமாக அது குன்றின் மேலே ஏறிவிட்டது. 11ஆம் நூற்றாண்டில், இயேசுவின் சீடரான மகதலா மரியாளின் எலும்புகள் தங்களிடம் இருப்பதாகத் துறவிகள் சொல்லத் தொடங்கினார்கள். 1050 வாக்கில் போப்பாண்டவரின் அங்கீகாரமும் கிடைத்தது. அவ்வளவுதான், கூட்டம் அலைமோதியது. போதாக்குறைக்கு ஸ்பெயினில் உள்ள சந்தியாகோ திருத்தலத்துக்கு நடந்து போகிறவர்கள் கூடும் நான்கு பெரிய பிரெஞ்சுப் பாதைகளில் ஒன்று இங்கேதான் தொடங்கியது.

கூட்டம் வந்தால் கட்டடம் வேண்டும், கட்டடத்துக்குப் பணம் வேண்டும். மடாதிபதி அர்ட்டோ போட்ட வரிச்சுமை தாங்காமல் 1106இல் ஊர்க்காரர்கள் அவரைக் கொன்றே விட்டார்கள். 1120இல், மகதலா மரியாளின் ஜூலை 22ஆம் தேதித் திருவிழாவுக்கு முந்தின இரவு தேவாலயம் தீப்பிடித்தது. உள்ளே தங்கியிருந்த யாத்திரிகர்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டதாகப் பழைய ஏடுகள் சொல்கின்றன. நாம் இன்று பார்க்கும் நடு மண்டபம் அந்தத் தீக்குப் பிறகு, 1120 முதல் 1140 வரையான காலத்தில் எழுந்தது. இன்னொரு விஷயம். 1152இல் ஊர்க்காரர்கள் மடத்தை எதிர்த்து 'இனி நாங்கள் ஒரு கொம்யூன்' என்று தாங்களே அறிவித்துக்கொண்டார்கள். மூன்று வருஷத்தில் அரசர் அதை அடக்கிவிட்டார். இன்றைக்கு அதே சொல்லை ஊர் அலுவலக வாசலில் சர்வசாதாரணமாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்த எலும்புகள் உண்மையா?

நம்பிக்கை சம்பந்தப்பட்டது என்று நழுவிவிடலாம். ஆனால் அன்றைக்கே தகராறு வந்தது. 1279இல் தெற்கே புரோவான்ஸில் உள்ள சேன் மாக்சிமான் என்ற ஊரில், 'மகதலா மரியாளின் உண்மையான உடல் எங்களிடம்தான் இருக்கிறது' என்று கல்லறையைத் திறந்து காட்டினார்கள். 1295இல் போப்பாண்டவர் அவர்கள் பக்கம் சாய்ந்தார். வெஸ்லேயின் காலம் அதோடு இறங்குமுகம். யாத்திரிகர் குறைந்தார்கள், வருமானம் குறைந்தது. ஒரு விதத்தில் அது நமக்கு நல்லதாகப் போயிற்று. பணம் தொடர்ந்து வந்திருந்தால் பழைய மண்டபத்தை இடித்துவிட்டுப் புது பாணியில் கட்டியிருப்பார்கள்.

சிலுவைப் போர் இங்கேதான் தொடங்கியதாமே?

இரண்டாம் சிலுவைப் போருக்கான அழைப்பு இங்கே விடப்பட்டது. 1146 மார்ச் 31, ஈஸ்டர் நாள். அரசர் ஏழாம் லூயியும் அரசி எலினோரும் வந்திருந்தார்கள். பேச வந்தவர் கிளேர்வோ மடத்து பெர்னார்ட். கூட்டம் தேவாலயத்துக்குள் அடங்கவில்லை. அதனால் குன்றின் வடக்குச் சரிவில் மரமேடை போட்டார்கள். துணிச் சிலுவை வாங்கக் கைகள் நீண்டுகொண்டே போக, கையிருப்பு தீர்ந்து, பெர்னார்ட் தன் அங்கியையே கிழித்துக் கொடுத்ததாக அந்தப் போருக்குப் போன ஒரு துறவி எழுதியிருக்கிறார். நடுவில் மேடை சரிந்தும் விழுந்ததாம். யாருக்கும் பெரிய அடியில்லை என்பதால் அதையும் அற்புதக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

போர் படுதோல்வி. 1148இல் டமாஸ்கஸ் வாசலிலிருந்து திரும்பி வந்தார்கள். ஊர் வழிகாட்டிகள் பேச்சைப் பற்றி நிறையச் சொல்வார்கள், முடிவைப் பற்றி அவ்வளவாகச் சொல்ல மாட்டார்கள்.

பேச்சு நடந்த சரிவில் 'கோர்தெல்' என்ற சின்னஞ்சிறு சிற்றாலயம் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ்கன் துறவிகள் பிரான்சில் முதலில் குடியேறிய இடம் என்று அதைச் சொல்கிறார்கள். கீழே இறங்கிப் போக வேண்டும், கால்மணி நேர நடை. பெரும்பாலோர் போவதில்லை. நீங்கள் போங்கள், மரங்களுக்கு நடுவே அவ்வளவு அமைதி.

1190 ஜூலையில் மூன்றாம் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட இங்கிலாந்தின் ரிச்சர்டும் பிரான்சின் பிலிப்பும் சேர்ந்துகொண்டதும் இதே ஊரில்தான்.

சிற்பங்களில் எதைத் தவறவிடக் கூடாது?

வெளி முகப்பைப் பார்த்துவிட்டு 'இதுதானா?' என்று ஏமாற வேண்டாம். வெளி வாசலுக்கு மேலுள்ள சிற்பம் 19ஆம் நூற்றாண்டுப் புது வேலை. பழையது பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் உடைக்கப்பட்டது. உள்ளே ஒரு முன்மண்டபம் இருக்கிறது. அதைத் தாண்டி நடு மண்டபத்துக்குள் நுழையும் வாசலுக்கு மேல் அரைவட்டமாக ஒரு சிற்பம். 1130ஐ ஒட்டிச் செதுக்கியது. வெஸ்லேக்கு வந்ததன் பலன் அதுதான். கழுத்து வலித்தாலும் பரவாயில்லை, பத்து நிமிஷம் அண்ணாந்து பாருங்கள்.

நடுவில் இயேசு. கைகளிலிருந்து கதிர்கள் புறப்பட்டுச் சீடர்களின் தலையைத் தொடுகின்றன. அங்கியின் மடிப்பு முழங்காலிலும் இடுப்பிலும் நீர்ச்சுழி மாதிரி சுருண்டு ஓடுகிறது. கல் என்பதே மறந்துவிடும். உலகெங்கும் போய்ப் போதியுங்கள் என்று சீடர்களை அனுப்பும் காட்சி இது. சரி, உலகெங்கும் என்றால் யார் யாருக்கு? சிற்பியின் பதில் அடிப்பட்டையிலும் சுற்றியுள்ள கட்டங்களிலும் இருக்கிறது. வலது ஓரத்தில் ஒரு குடும்பம் நிற்கிறது, காது ஒவ்வொன்றும் முறம் போல விரிந்து உடம்பையே மூடுகிற அளவு. பக்கத்தில் ஒரு குள்ளன் குதிரையில் ஏற ஏணி வைத்திருக்கிறான். ஏணி! மேலே ஒரு கட்டத்தில் நாய்த்தலை மனிதர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த நாய்த்தலையர் நமக்குத் தூரத்துச் சொந்தம். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் பாரசீக அரண்மனையில் வைத்தியராக இருந்த க்டேசியாஸ் என்ற கிரேக்கர், இந்தியாவின் மலைகளில் நாய்த்தலையுடன், குரைத்துப் பேசும் மக்கள் இருக்கிறார்கள் என்று எழுதி வைத்தார். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அந்தக் கதை கைமாறிக் கைமாறிப் பதினைந்து நூற்றாண்டு கழித்து இந்தக் குன்றில் கல்லாகிவிட்டது. நம்மைப் பற்றி அவர்கள் வைத்திருந்த படத்தில் இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டே பார்த்தால் சிரிப்பு வரும்.

வெளி வளைவில் பன்னிரண்டு ராசிகளும் மாதாமாத வேலைகளும் உண்டு. உச்சியில், ஆண்டின் நடுப்பகுதி வரும் இடத்தில், வட்டமாகச் சுருண்ட ஒரு நாய், ஒரு கழைக்கூத்தாடி, ஒரு கடல்கன்னி. எதற்கு என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

தூண்களில் ஏதோ மாவு அரைக்கும் சிற்பம் இருக்கிறதாமே?

இருக்கிறது. நம் கோயில் தூண்களில் போதிகை வரும் இடத்தில் இங்கே செதுக்கிய தலைப்புகள் வரும். நடு மண்டபத்தில் மட்டும் சுமார் நூறு. அதில் வலது பக்க வரிசையில் ஒன்றை 'மறைபொருள் ஆலை' என்பார்கள். குட்டை அங்கி போட்ட ஒருவர் குனிந்து ஆலைக்குள் தானியத்தைக் கொட்டுகிறார். வெறுங்காலோடு இன்னொருவர் கீழே சாக்கைப் பிடித்து மாவை வாங்குகிறார். ஆலைச் சக்கரத்துக்குள் சிலுவைக் குறி. கொட்டுபவர் மோசே, வாங்குபவர் பவுல், தானியம் பழைய ஏற்பாடு, மாவு புதிய ஏற்பாடு என்பது வழக்கமான விளக்கம்.

விளக்கம் தெரியாமலேயே அது மனதில் நிற்கும். சாக்கின் வாயை விரித்துப் பிடித்திருக்கும் அந்தக் கையைப் பாருங்கள். மாவு மில்லில் வரிசையில் நின்று பை பிடித்த எவருக்கும் தெரிந்த பிடி அது. செதுக்கியவன் பெயர் யாருக்கும் தெரியாது, ஆனால் அவன் மில்லுக்குப் போனவன்.

இந்தத் தேவாலயத்தில் வெளிச்சம் விழும் அதிசயம் எப்போது?

ஜூன் 21ஐ ஒட்டிய நாட்களில், சூரியன் உச்சிக்கு வரும்போது. தெற்குப் பக்க மேல் ஜன்னல்கள் வழியாக வரும் வெயில், மண்டபத்தின் சரியான நடுக்கோட்டில் வாசலிலிருந்து பலிபீடம் நோக்கிப் பொட்டுப் பொட்டாக விழும். பிரான்சில் கோடையில் கடிகாரத்தைத் தள்ளி வைப்பதால் உச்சிவேளை என்பது மதியம் 1.45ஐத் தாண்டித்தான். பன்னிரண்டு மணிக்குப் போய் நின்று ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். (சரி, அதில் நானும் ஒருவன்.) டிசம்பரில் அதே வெயில் எதிர்ப்பக்கத் தூண் தலைப்புகளைத் தொடும். இந்த ஒளிப்பாதையை 1976இல் ஒரு துறவி கவனித்துச் சொன்ன பிறகுதான் ஊர் உலகத்துக்குத் தெரிந்தது.

பழைய கட்டடம்தானா, புதுப்பித்ததா?

இரண்டும். 1569இல் மதப்போரில் புராட்டஸ்டண்ட் படை ஊரைப் பிடித்துச் சேதப்படுத்தியது. வேடிக்கை என்னவென்றால், ஜெனீவாவில் மதச் சீர்திருத்தவாதி கால்வினுக்குப் பிறகு புராட்டஸ்டண்ட் தலைமையை ஏற்ற தியோடர் தெ பேஸ் 1519இல் பிறந்தது இதே வெஸ்லேயில். புரட்சிக்குப் பிறகு மடத்துக் கட்டடங்கள் விற்கப்பட்டு இடிக்கப்பட்டன. 1819இல் இடி விழுந்து கோபுரம் எரிந்தது.

1834இல் வரலாற்றுச் சின்னங்களின் ஆய்வாளராக வந்த மெரிமே, உள்ளே உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருக்கும்போதே கூரையிலிருந்து சிறு கற்கள் உதிரும் சத்தம் கேட்டதாக எழுதினார். 1840இல் வேலை வியோலே லெ துக் என்ற இளைஞரிடம் போயிற்று. வயது 26, அதுவரை ஒரு பெரிய கட்டடத்தையும் சீர்செய்தவரில்லை. தொட்டால் மொத்தமும் சரிந்துவிடும் என்ற நிலையில் இருந்த கட்டடம். அவர் 1859 வரை மெதுவாகச் சுவரைத் தாங்க வைத்து, வளைவுகளை மறுபடி கட்டி, சிதைந்த தலைப்புகளுக்குப் பதில் நகல் வைத்தார். மூலங்கள் பக்கத்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சில இடங்களில் தன் கற்பனையையும் சேர்த்தார் என்பது உண்மை. அதற்காக அவரைத் திட்டுபவர்கள் உண்டு. அவர் இல்லையென்றால் இன்று திட்டுவதற்குக் கட்டடமே இருந்திருக்காது என்பது என் கட்சி.

1979இல் பிரான்சிலிருந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த முதல் ஐந்து இடங்களில் வெஸ்லேயும் ஒன்று, தேவாலயமும் குன்றும் சேர்த்து.

ரொமேன் ரோலன் வீடு இங்கேதானா? காந்தி வந்தாரா?

பிரெஞ்சு எழுத்தாளர் ரோலனின் வீடு இங்கேதான். காந்தி இங்கே வரவில்லை. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். காந்தி, ராமகிருஷ்ணர், விவேகானந்தர் ஆகியோரின் வரலாறுகளை ரோலன் எழுதியது 1924 முதல் 1930 வரை. அப்போது அவர் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்தார். 1931 டிசம்பரில் காந்தி அவரைப் பார்த்ததும் அங்கேதான். பிறகு 1938இல் பிறந்த மண்ணுக்குப் பக்கமாக, வெஸ்லேயின் பெரிய தெருவில் வாங்கிய வீட்டுக்குக் குடிவந்தார். ஜெர்மன் படை ஊருக்குள் வந்ததையும் இங்கிருந்தே பார்த்தார். 1944 டிசம்பர் 30 அன்று இந்த வீட்டில் காலமானார்.

இப்போது அது செர்வோஸ் அருங்காட்சியகம். கலை விமர்சகர் கிறிஸ்தியான் செர்வோஸ் தன்னிடமிருந்த பிகாசோ, காந்தின்ஸ்கி, கால்டர் படைப்புகளை இந்தக் கொம்யூனுக்கே எழுதி வைத்துவிட்டார். நானூறு பேர் ஊருக்குப் பிகாசோவும் சொந்தம்! குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், பார்த்துக்கொண்டு போங்கள்.

தேவாலயச் சுவரோரமாக நிற்கும் மரச்சிலுவைகள் என்ன?

1946 ஜூலையில், இரண்டாம் உலகப் போர் முடிந்த மறுவருஷம், சமாதானத்துக்காக ஒரு யாத்திரை நடந்தது. ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்து பதினான்கு கனமான சிலுவைகளைத் தோளில் சுமந்து நடந்தே வந்தார்கள். அருகில் ஒரு முகாமில் ஜெர்மன் போர்க் கைதிகள் இருந்தார்கள். எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு, குண்டு விழுந்த வீடுகளின் உத்தரக் கட்டையில் பதினைந்தாவது சிலுவையைச் செய்து சுமந்து வந்தார்கள். சிலுவைப் போருக்கு ஆள் திரட்டிய அதே குன்று.

பக்கத்தில் வேறென்ன பார்க்கலாம்?

அடிவாரத்தில் சேன் பேர். அழகான கோதிக் தேவாலயம். அதற்கு அப்பால் 'உப்பு ஊற்றுகள்' என்ற அகழாய்விடம். ஜிராரைப் பற்றிய பழைய வீரப்பாடல் ஒன்றில் வரும் போர்க்களத்தைத் தேடி 1934இல் தோண்டத் தொடங்கினார்கள். கிடைத்தது வேறு. ரோமானியக் குளியல் கூடம், அதற்கும் கீழே உப்புநீர் எடுக்க 4,000 ஆண்டுகளுக்கு மேல் முன்பு குடைந்து இறக்கிய ஓக் மரக் கிணறுகள். மரம் இன்னும் இருக்கிறது.

பத்துக் கிலோமீட்டர் தள்ளி பஸோஷ் கோட்டை, பதினான்காம் லூயியின் கோட்டை நிபுணர் வோபானின் வீடு. 1696இல் அவர் வெஸ்லே வட்டாரத்தை வீடு வீடாகக் கணக்கெடுத்து அறிக்கை எழுதினார். இந்த ஏழை ஜனங்கள் தின்பது பார்லி, ஓட்ஸ் ரொட்டி, வருஷத்தில் மூன்று தடவைகூட இறைச்சி கிடையாது என்று அதில் பதிவு செய்திருக்கிறார். தேவாலயச் சிற்பத்தைப் பார்த்துவிட்டு அந்த வரியையும் நினைத்துக்கொண்டால் ஊரின் இன்னொரு பக்கம் தெரியும்.

எப்படிப் போவது? சாப்பாடு, கட்டணம்?

பாரிஸ் பெர்சி நிலையத்திலிருந்து ரயிலில் செர்மிசெல் வரை. அங்கிருந்து ஊர் சுமார் 10 கிலோமீட்டர். வண்டிக்கு முன்பே ஏற்பாடு செய்துவிட்டு இறங்குங்கள், நிலையத்து வாசலில் ஆட்டோ காத்திருக்காது. காரில் போனால் அடிவாரத்தில் நிறுத்திவிட்டு ஏற வேண்டும். செங்குத்து அதிகம், வயதானவர்களைக் கூட்டிப் போனால் நிதானமாக ஏறுங்கள். தேவாலயத்துக்குள் கட்டணம் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள் உட்கார்ந்துவிடுங்கள், அப்புறம் போனால் அடுப்பை அணைத்திருப்பார்கள். சைவம் வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஒரே ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. என்ன செய்ய?

கடைத்தெருவில் நிற்காமல் நேரே மேலே ஏறுங்கள். முன்மண்டபத்தில் இருபது நிமிஷம். மாவு ஆலைத் தூணுக்கு ஐந்து நிமிஷம். பிறகு தேவாலயத்தின் பின்பக்கம் போங்கள். இடித்த மடம் இருந்த இடத்தில் இப்போது மரங்களும் புல்வெளியும்தான். கைப்பிடிச் சுவரில் சாய்ந்தால் கியூர் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். மீதி நேரத்தை அங்கேயே உட்கார்ந்து கழியுங்கள். ரயிலுக்கு மட்டும் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்தது உடனே வராது.